பத்து சதவீதத்துக்கு முந்தைய நாள்: கோகன் தள்ளுபடி வழக்கின் கணக்கு

2018 ஜூன் 27 முதல் 30 வரை நான்கு நாள், ஆஸ்திரேலியாவின் இணையவழி விற்பனை நிறுவனமான கோகன் ஒரு தள்ளுபடி நடத்தியது. அந்த நாட்டில் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. வரிக் கணக்கு எல்லோர் நினைவிலும் இருக்கும் வாரம் என்பதால் கூப்பன் கோடுக்கு 'டாக்ஸ்டைம்' என்றே பெயர் வைத்தார்கள். பணம் கட்டும் பக்கத்தில் அதை அடித்தால் பத்து சதவீதம் குறையும். இணையதளத்தில் விளம்பரம் போட்டதோடு, ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு மின்னஞ்சலும் 9,30,000-க்கு மேற்பட்டோருக்குக் குறுஞ்செய்தியும் போயின. இன்னும் 48 மணி நேரம்தான், இன்று நள்ளிரவோடு முடிகிறது என்று அவசரப்படுத்தும் வரிகளும் அவற்றில் இருந்தன.

கோடு சரியாகவே வேலை செய்தது. அடித்தவர்கள் எல்லோருக்கும் பில்லில் பத்து சதவீதம் கழிந்தது. ஆனால் தள்ளுபடி தொடங்குவதற்குச் சற்று முன்பு 621 பொருள்களின் விலை ஏற்றப்பட்டிருந்தது. பெரும்பாலானவற்றில் அந்த ஏற்றம் பத்து சதவீதமோ அதற்கு மேலோ. தள்ளுபடி முடிந்த சில நாள்களில் விலைகள் மறுபடி இறங்கின.

ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019 மே மாதம் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020 ஜூலையில் நீதிமன்றம் கோகன் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் 3,50,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. தள்ளுபடி விளம்பர வழக்குகளில் இதைவிடப் பெரிய தொகைகள் உண்டு. ஆனாலும் இந்த வழக்கை எடுத்து விரிவாகப் பார்ப்பதற்குக் காரணம், இதில் சூழ்ச்சியின் எலும்புக்கூடு சதை இல்லாமல் அப்படியே தெரிகிறது. ஒரே கோடு, ஒரே சதவீதம், நான்கே நாள். தள்ளுபடி என்பது இன்றைய விலையைப் பற்றிய செய்தி போலத் தோன்றினாலும், உண்மையில் அது நேற்றைய விலையைப் பற்றிய கூற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது.

ஏற்றிக் கழித்தால் என்ன ஆகிறது

வழக்கில் வந்த பொருள்களின் விலையை விட்டுவிட்டு, விளக்கத்துக்காக 200 டாலர் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடிக்கு முந்தைய நாள் அதை 10 சதவீதம் ஏற்றினால் 220. கோடு அடித்தால் 220-இல் பத்து சதவீதம், அதாவது 22 டாலர் கழிந்து 198 ஆகிறது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது 22 டாலர் லாபம். முந்தைய நாள் வாங்கியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால் கையில் மிஞ்சியது 2 டாலர். பத்து சதவீதம் என்று சொன்னது ஒரு சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

ஏற்றம் 11.11 சதவீதமானால் அந்த ஒன்றும் போய்விடும்: 222.22-இல் பத்து சதவீதம் கழித்தால் சரியாக 200. ஏற்றம் 15 சதவீதமானால் 230-இல் 23 போக 207. இந்த நிலையில் கோடு அடித்து வாங்கியவர், முந்தைய நாள் எந்தக் கோடும் இல்லாமல் வாங்கியவரைவிட 7 டாலர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் திரையில் அவருக்குக் காட்டப்படும் சேமிப்பு 22-இலிருந்து 23-ஆக உயர்ந்திருக்கிறது. இந்த வகைத் தள்ளுபடியில் மிக மோசமான பகுதி இதுதான். எவ்வளவு அதிகம் ஏற்றுகிறார்களோ, அவ்வளவு அதிகம் சேமித்ததாகப் பில் சொல்லும்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே சதவீதமாக இருந்தாலும் ஒன்றையொன்று சரிக்கட்டாது; ஏற்றம் சிறிய விலைமேல் கணக்கிடப்படுகிறது, கழிவு பெரிய விலைமேல். ஒரு தள்ளுபடியை முழுவதும் செல்லாமல் ஆக்க எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிய, தள்ளுபடிச் சதவீதத்தை நூறிலிருந்து கழித்து, வந்த எண்ணால் தள்ளுபடியை வகுத்தால் போதும். 20 சதவீதத்துக்கு 20-ஐ 80-ஆல் வகுத்தால் 25 சதவீதம். 30-க்குக் கிட்டத்தட்ட 43. பாதி விலை என்ற பலகைக்கு நூறு சதவீதம், அதாவது முதலில் இரட்டிப்பாக்க வேண்டும். சிறிய தள்ளுபடியைப் போலியாக்குவதுதான் எளிது. பத்து, பதினைந்து சதவீத ஏற்றம் யார் கண்ணையும் உறுத்தாது. இரட்டிப்பான விலை உறுத்தும். ஆகவே பெரிய எண்களைச் சந்தேகித்துச் சிறிய எண்களை நம்பும் பழக்கம், இந்த இடத்தில் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது.

சொன்னபடி கழித்தோமே என்ற வாதம்

இந்த வகை வழக்குகளில் கடையின் இயல்பான வாதம் இது: பக்கத்தில் ஒரு விலை போட்டிருந்தோம், கோடு அடித்தால் அதில் பத்து சதவீதம் குறையும் என்றோம், அப்படியே குறைந்தது, எந்தச் சொல் பொய்? சொல்லுக்குச் சொல் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் சொல்லுக்குச் சொல் பார்ப்பதில்லை. அதன் 18-ஆம் பிரிவு ஏமாற்றும் அல்லது ஏமாற்றக்கூடிய நடத்தையைத் தடுக்கிறது. 29-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் விலை பற்றிய பொய்யான, திசைதிருப்பும் கூற்றுகளுக்குத் தனியே தடை உண்டு. இரண்டிலும் கேள்வி ஒன்றே: விளம்பரத்தைப் படிக்கும் சாதாரண மனிதர் மொத்தத்தில் என்ன புரிந்துகொள்வார்?

நான்கு நாள் மட்டும், கோடு அடித்தால் பத்து சதவீதம் என்று படிப்பவர் புரிந்துகொள்வது, இந்த நான்கு நாளில் வாங்கினால் முன்போ பின்போ வாங்குவதைவிடப் பத்து சதவீதம் மலிவு என்பதைத்தான். காலக்கெடுவுக்கு அதைத் தவிர வேறு பொருள் கிடையாது. நாளைக்கும் அதே விலைதான் என்றால் இன்று நள்ளிரவோடு முடிவது எது? கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தும் கடை, அந்தக் கடிகாரத்துக்கு முன்னும் பின்னும் இருந்த விலைகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இந்த வழக்கில் சட்டமும் சாதாரண நியாயமும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

சான்று: ஏறியது மட்டும் போதாது

விலை ஏற்றுவது குற்றமில்லை. கொள்முதல் விலை உயரும், நாணய மாற்று விகிதம் மாறும், போட்டிக் கடையில் சரக்கு தீர்ந்துபோகும். இணையக் கடைகளில் மென்பொருளே ஒரு நாளில் பலமுறை விலையை மாற்றுவது சாதாரணம். எனவே தள்ளுபடிக்கு முன்னால் விலை ஏறியிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பொதுமக்கள் கொடுக்கும் பல புகார்கள் பாதி வழியில் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

பார்க்க வேண்டியது நான்கு புள்ளிகளை. தள்ளுபடிக்கு முன் சில வாரம் நிலையாக நின்ற விலை ஒன்று. தள்ளுபடி தொடங்கும்போது பக்கத்தில் இருந்த விலை இரண்டு. எல்லாக் கழிவும் போகக் கட்டிய தொகை மூன்று. தள்ளுபடி முடிந்து இரண்டு வாரத்துக்குள் நிற்கும் விலை நான்கு. மூன்றாவதை முதலாவதோடு ஒப்பிட்டால் உண்மையான சேமிப்பு தெரியும். நான்காவதை முதலாவதோடு ஒப்பிட்டால் ஏற்றத்தின் நோக்கம் தெரியும். கொள்முதல் செலவால் ஏறிய விலை, தள்ளுபடி முடிந்த கையோடு இறங்குவதற்குக் காரணமில்லை. சரக்கு அனுப்பும் உற்பத்தியாளருக்கு இந்தக் கடையின் கூப்பன் என்றைக்கு முடிகிறது என்று தெரியாது. 621 பொருள்கள் தள்ளுபடியை ஒட்டி ஏறி, அது முடிந்ததும் இறங்கினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேறு காரணம் தேடுவது வீண். நாம் வெளியிலிருந்து பார்க்கும்போது அதிகம் தவறவிடுவது நான்காவது புள்ளியை. வாங்கி முடித்த பொருளின் விலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரு பொருளில் நடந்தால் பிழை என்று தட்டிக்கழிக்கலாம். நூற்றுக்கணக்கில் நடந்தால் அது விலைப் பட்டியலை மொத்தமாக ஏற்றும் கோப்பு ஒன்றில் செய்த வேலை. அந்தக் கோப்புக்குத் தேதியும் நேரமும் உண்டு.

அபராதத்தின் தேதி

கோகனின் தள்ளுபடி நடந்தபோது ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு நிறுவனத்துக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 11 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரண்டே மாதம் கழித்து, 2018 செப்டம்பர் 1 முதல், அந்த வரம்பு ஒரு கோடி டாலர், கிடைத்த ஆதாயத்தின் மூன்று மடங்கு, அல்லது ஆதாயத்தைக் கணக்கிட முடியாவிட்டால் ஆண்டு விற்பனையில் 10 சதவீதம், இவற்றில் எது பெரிதோ அது என்று மாறியது. 2022 நவம்பர் 10 முதல் அந்த ஒரு கோடி என்பது ஐந்து கோடியாகவும், அந்த 10 சதவீதம் என்பது மீறல் நடந்த காலத்து விற்பனையில் 30 சதவீதமாகவும் உயர்ந்தன. 3,50,000 என்ற தொகையைப் படிக்கும்போது அது பழைய வரம்பின் கீழ் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இன்று அதே நான்கு நாளை நடத்தும் நிறுவனத்தின் கணக்கு வேறு.

இந்த அபராதம் அரசுக்குப் போகிறது. ஏமாந்து வாங்கியவரின் கைக்கு அது தானாக வராது. இந்தச் சட்ட அமைப்பின் பெரிய குறை இதுவே என்பது எங்கள் கருத்து. ஒரு பொருளில் 20 டாலர் இழந்தவர் அதற்காக வழக்கு நடத்தமாட்டார் என்ற உறுதியின் மேல்தான் இந்த வியாபாரமே நிற்கிறது.

வேறு நாடுகளின் அளவுகோல்கள்

ஆஸ்திரேலியச் சட்டத்தில் பழைய விலை எத்தனை நாள் நின்றிருக்க வேண்டும் என்று எண் எதுவும் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் படிப்பவரின் புரிதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் எண் வைத்திருக்கிறது. 2019-இல் இயற்றி 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை முந்தைய விலையையும் காட்ட வேண்டும். அந்த முந்தைய விலை, குறைப்புக்கு முன் குறைந்தது 30 நாளில் அந்தக் கடை வாடிக்கையாளரிடம் வாங்கிய மிகக் குறைந்த விலையாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கும் கூப்பன் கோடுக்கும் இது பொருந்தும் என்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. கோகனின் நான்கு நாளை இந்த அளவுகோலில் வைத்தால் விவாதமே தேவையில்லை. ஏற்றத்துக்கு முந்தைய விலை 30 நாளுக்குள் வந்துவிடும்.

அந்த விதியையும் ஒருவர் எழுத்தளவில் நிறைவேற்றி, பொருளளவில் கைவிடலாம் என்று காட்டியது ஜெர்மனியின் பல்பொருள் அங்காடித் தொடரான ஆல்டி ஸூட் மீதான வழக்கு. 2022 அக்டோபரில் வந்த துண்டறிக்கையில் வாழைப்பழம் 1.29 யூரோ. பக்கத்தில் 1.69 குறுக்கே அடித்துக் காட்டப்பட்டு, 23 சதவீதக் குறைப்பு என்று பெரிதாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில் கடந்த 30 நாளின் மிகக் குறைந்த விலை 1.29 என்றும் இருந்தது. அதாவது அதே துண்டறிக்கை மேலே 23 சதவீதம் என்றும், கீழே குறைப்பே இல்லை என்றும் சொன்னது. அன்னாசிப்பழம் இன்னும் ஒரு படி மேல். விலைச் சிறப்பு என்ற முத்திரையுடன் 1.49, கடைசி விற்பனை விலை 1.69, 30 நாளின் மிகக் குறைந்த விலை 1.39. சிறப்பு விலை, அந்த மாதத்திலேயே இருந்த விலையைவிடப் பத்து சென்ட் கூடுதல். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் நுகர்வோர் மையம் வழக்குத் தொடுத்தது. டுசல்டார்ஃப் நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டம்பர் 26 அன்று பதில் சொன்னது: 30 நாள் விலையை ஓரமாக அச்சிட்டால் போதாது, சதவீதத்தையே அதன்மேல்தான் கணக்கிட வேண்டும், சிறப்பு விலை என்ற முத்திரையும் அதற்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

30 நாளுக்கும் ஓட்டை உண்டு. அதைப் பார்க்க, பல்பொருள் அங்காடித் தொடரான வூல்வொர்த்ஸ் மீது ஆஸ்திரேலிய ஆணையம் 2024 செப்டம்பரில் தொடுத்த வழக்கிலுள்ள ஓரியோ பிஸ்கட் எடுத்துக்காட்டு உதவும். இது ஆணையத்தின் குற்றச்சாட்டு. இங்கு அந்த அளவிலேயே எடுத்துக்கொள்கிறோம். 370 கிராம் குடும்பப் பொட்டலம், 2021 ஜனவரி 1 முதல் குறைந்தது 696 நாள் 3.50 டாலர். 2022 நவம்பர் 28 அன்று 5 டாலர் ஆனது. 22 நாள் அப்படியே நின்றது. டிசம்பர் 20 அன்று விலை குறைந்தது என்ற பலகையுடன் 4.50, முன்பு 5.00. பலகைப்படி பத்து சதவீதம் இறக்கம். 3.50-உடன் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 29 சதவீதம் ஏற்றம். 22 நாள் என்பதால் ஐரோப்பிய விதி இதைப் பிடித்துவிடும், ஏனெனில் 30 நாளின் மிகக் குறைந்த விலை 3.50. அதே ஏற்றத்தை 31 நாள் வைத்திருந்தால் விதியின் எழுத்து திருப்தியாகிவிடும், வாங்குபவரின் நிலைமையில் எந்த மாற்றமும் இருக்காது.

கனடாவின் அளவுகோல் நீளமானது. வழக்கமான விலை என்று சொல்ல, முந்தைய ஆறு மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள் நல்லெண்ணத்துடன் அந்த விலையில் பொருளை வைத்திருக்க வேண்டும். அல்லது பன்னிரண்டு மாத விற்பனையில் பாதிக்கு மேல் அந்த விலையிலோ அதற்கு மேலோ நடந்திருக்க வேண்டும். முதலாவது நாள் கணக்கு, இரண்டாவது விற்பனைக் கணக்கு. 5 டாலரில் 22 நாள் நின்ற பொட்டலம் நாள் கணக்கின் அருகில்கூட வராது. 2024-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பழைய விலை உண்மையானது என்று காட்டும் பொறுப்பும் கடையின் மேல் வந்துவிட்டது.

நல்லெண்ணத்துடன் என்ற சொல்லின் கனம் தெரிவது சியர்ஸ் கனடா என்ற கடைத்தொடரின் டயர் வழக்கில். 1999 இறுதியில் ஐந்து வகை டயர்களுக்கு வந்த தள்ளுபடி விளம்பரங்கள் பற்றியது அது. 2005 ஜனவரியில் போட்டித் தீர்ப்பாயம் முடிவு சொன்னது. டயரை யாரும் ஒற்றையாக வாங்குவது அரிது. இரண்டாகவோ நான்காகவோதான் வாங்குகிறார்கள். ஆனால் சேமிப்பைக் கணக்கிட அடிப்படையாக வைத்தது ஒற்றை டயரின் முழு விலையை. அந்த விலையில் விற்றவை 2 சதவீதத்துக்கும் குறைவு. யாரும் கொடுக்காத, கொடுப்பார்கள் என்று கடையே எதிர்பார்க்காத விலையை வழக்கமான விலை என்று அழைக்க முடியாது என்பதே முடிவின் சாரம். 1,00,000 கனடா டாலர் அபராதம், வழக்குச் செலவுக்கு 3,87,000. செட்டாக விற்கும் எதையும், அதாவது டயர், பாத்திரம், படுக்கை விரிப்பு போன்றவற்றை வாங்கும்போது, அடித்துக் காட்டிய விலை எந்த அளவுக்கானது என்று முதலில் பார்க்க இந்த ஒரு வழக்கே காரணமாகப் போதும்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1964-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இதே தந்திரம் இருக்கிறது. 5 டாலருக்கு வாங்கி 7.50-க்கு விற்கும் பேனாவைச் சில நாள் 10 டாலர் என்று வைத்து, பிறகு 10-இலிருந்து 7.50 என்று விளம்பரம் செய்யும் வியாபாரி அதில் வருகிறார். பேனாவை எடுத்துவிட்டு ஹெட்ஃபோனை வைத்தால் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

கடைகள் ஏன் விடுவதில்லை

2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற கடைத்தொடர் நிறுவனம் கூப்பன்களையும் தொடர் தள்ளுபடிகளையும் கைவிட்டு, எந்நாளும் ஒரே நேர்மையான குறைந்த விலை என்ற முறைக்கு மாறியது. அந்த நிதியாண்டில் அதன் விற்பனை ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. 98.5 கோடி டாலர் நட்டம். 2013 ஏப்ரலில் தலைமை அதிகாரி வெளியேறினார், கூப்பன்கள் திரும்பி வந்தன. நேர்மை விலைபோகாது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு; நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. அடித்துக் காட்டிய விலை வெறும் அலங்காரம் இல்லை, வாங்குபவர் பொருளின் மதிப்பை அளக்கும் கோல் அது என்பதைத்தான் இது காட்டுகிறது. துணி, மெத்தை, மரச்சாமான், நகை போன்றவற்றின் தரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட முடியாது. அங்கே 100-ஐ அடித்து 60 என்று போட்டால், இது 100 பெறும் பொருள் என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது. கோல் பொய்யானால் ஏமாற்று விலையில் மட்டும் இல்லை, தரத்திலும் இருக்கிறது. தள்ளுபடி ஏமாற்றுகள் உப்பு, அரிசியைவிட மெத்தையில் அதிகம் வருவது இதனால்தான்.

வாங்குபவர் செய்யக்கூடியது

பெரிய தொகைக்கு ஒன்று வாங்கும் எண்ணம் வந்த நாளே, தள்ளுபடிக் காலத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னால், பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாடல் எண், நிறம், அளவு, விற்பவர் பெயர், முழு இணைய முகவரி, சாதனத்தின் தேதி, நேரம் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். விற்பவர் பெயர் ஏன் என்றால், பல விற்பனையாளர்கள் இருக்கும் தளங்களில் பக்கம் அதுவே இருக்க, விற்பவர் மாறியிருப்பார். அப்போது இரண்டு விலைகளும் இரண்டு கடைகளின் விலைகள், ஒப்பீடு செல்லாது. அனுப்பும் செலவையும் சேர்த்து, பணம் கட்டுவதற்கு முந்தைய கடைசித் திரையில் தெரியும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளின் விலையை இறக்கி, அனுப்பும் செலவை ஏற்றுவதும் நடப்பதே.

கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற இணையதளங்கள் அமேசானில் உள்ள பொருள்களின் விலை வரலாற்றைக் கோடாக வரைந்து காட்டும். மற்றக் கடைகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய பக்கச் சேமிப்பில் தேடிப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரு குறை: பக்கத்தில் இருந்த விலையைக் காட்டும், கூப்பன் போட்ட பிறகு எவ்வளவு ஆனது என்பதைப் பெரும்பாலும் காட்டாது. கோகன் போன்ற விவகாரத்தில் இவை முதல், இரண்டாம், நான்காம் புள்ளிகளைத் தரலாம். மூன்றாவது உங்கள் பில்லில்தான் இருக்கும்.

பலகையில் வரை என்ற சொல் இருந்தால், 70 சதவீதம் வரை என்பதில் 70 எத்தனை பொருளுக்கு என்று பாருங்கள். ஓரிரண்டு பொருளுக்கு மட்டும் என்றால் அந்த எண் கடையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. 50 சதவீதத்தோடு மேலும் 20 சதவீதம் என்பது 70 ஆகாது. 100 முதலில் 50 ஆகி, அதில் 20 சதவீதம் போய் 40 ஆகும், மொத்தக் கழிவு 60. உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலையிலிருந்து கழிவு என்று இருந்தால், அது கடையின் பழைய விலை இல்லை. அந்தக் கடை ஒரு நாள்கூட அந்த விலையில் விற்றிருக்க வேண்டியதில்லை. ஒரே கடைக்கென்று தனி மாடல் எண்ணோடு வரும் மெத்தை, தொலைக்காட்சி வகைகளில் வேறு கடையோடு ஒப்பிட வழியே இருக்காது. அவற்றில் சதவீதத்தை மறந்துவிட்டு, பொருளின் விவரக்குறிப்பை மட்டும் வைத்து முடிவு செய்வதே பாதுகாப்பு.

தள்ளுபடி முடிய மீதி நேரத்தை எண்ணும் கடிகாரத்தைச் சோதிப்பது எளிது. தனிப்பட்ட உலாவல் சாளரத்தில், அதாவது கணக்கில் நுழையாமல், அதே பக்கத்தை மறுபடி திறங்கள். கடிகாரம் புதிதாக முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அது தள்ளுபடியின் கடிகாரம் இல்லை, உங்கள் வருகையின் கடிகாரம்.

புகார் எழுதும்போது கோபத்தைவிட நான்கு புள்ளிகள் பெரிது. தேதியோடு நான்கு விலைகள், விளம்பரத்தின் சரியான வாசகம், உங்கள் பில். இவற்றோடு அதே வகையில் இன்னும் நாலைந்து பொருள்களின் விலையைச் சேர்த்தால், இது ஒரு பொருளின் பிழை இல்லை என்று வாசிப்பவருக்கு உடனே விளங்கும்.

கடையின் உள்ளே எங்கே தவறுகிறது

எல்லாம் திட்டமிட்டே நடப்பதில்லை. விலை வைக்கும் குழு ஒன்று, விளம்பரம் எழுதும் குழு வேறு. விளம்பரக் குழு தேதியைத் தீர்மானிக்கிறது. விலைக் குழு அந்த வாரத்தின் லாப வரம்பைக் காப்பாற்ற விலையை உயர்த்துகிறது. இரண்டும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. தெரியாமல் நடந்தது என்பது வாங்குபவருக்கு ஆறுதல் இல்லை, சட்டத்துக்கும் பெரும்பாலும் பதில் இல்லை.

அடுத்தது மென்பொருள். பல விற்பனை மென்பொருள்களில் பழைய விலைக்கான இடம் கடைசியாக மாறிய விலையைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் தவறாக ஏறி நின்ற விலைகூட அடித்த விலையாகப் பலகையில் வந்து நிற்கும். அந்த இடத்தை விலைப் பதிவேட்டிலிருந்து, குறித்த நாள் வரம்போடு கணக்கிட்டு நிரப்ப வேண்டும். கையால் நிரப்ப அனுமதிக்கக் கூடாது. பதிவேடு என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொருள் எண், பழைய விலை, புதிய விலை, நேரம், மாற்றியவர், காரணம் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். எழுதியதை யாரும் திருத்த முடியாததாகவும் இருக்க வேண்டும்.

பொதுக் கூப்பன் அறிவிக்கும் கடைக்கு நாங்கள் சொல்லும் முறை இது. தள்ளுபடி தொடங்கும் நாளிலிருந்து 30 நாள் பின்னோக்கி ஒரு எல்லை போடுங்கள். அதற்குள் விலை ஏறிய பொருள்களை மென்பொருள் பட்டியலிடட்டும். ஒவ்வொன்றுக்கும் கொள்முதல் பில் போன்ற வெளி ஆவணம் இருந்தால் ஏற்றம் நிற்கலாம். ஆனாலும் அந்தப் பொருள் கூப்பனிலிருந்து வெளியே போக வேண்டும், அப்படிப் போனது பொருளின் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ஆவணம் இல்லையென்றால் பழைய விலைக்குத் திரும்ப வேண்டும். தள்ளுபடி முடிந்த பின்னும் 30 நாள், விலை இறங்கும் பொருள்களைத் தனியே கவனிக்க வேண்டும். கூப்பன் இல்லாத விலை, கூப்பன் போட்ட விலைக்கே இறங்கிவிட்டால் நள்ளிரவோடு முடிகிறது என்று சொன்னது பொய்யாகிவிடுகிறது, அது வேறு காரணத்தால் இறங்கியிருந்தாலும்.

ஓயாமல் தள்ளுபடி நடத்தும் கடைக்கு இந்த முறையே பொருந்தாது. ஒரு தள்ளுபடி முடிந்த மறுநாள் அடுத்தது தொடங்கினால், பின்னோக்கிப் போடும் 30 நாள் எல்லைக்குள் முழு விலை நின்ற நாளே இருக்காது. ஐரோப்பிய விதி, இடைவெளி இல்லாமல் படிப்படியாக ஒரே பொருளின் விலையை இறக்கிக்கொண்டே போகும்போது முதல் குறைப்புக்கு முந்தைய விலையையே வைத்துக்கொள்ள நாடுகளுக்கு இடம் தருகிறது. ஏற்றி ஏற்றி இறக்குவதற்குத் தரவில்லை. அப்படிப்பட்ட கடை விலையை அப்படியே போட்டு, அடித்த எண்ணையும் சதவீதத்தையும் பலகையிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழி.